மெஷின் காலும் பியானோவும்

“காலை எடுங்கக்கா! காலை எடுங்க!”

சாமுவேல் இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வாசித்துக்கொண்டிருந்தது கையால். இவன் எதற்குக் காலைச் சொல்கிறான்?

ஆம்பூரில் எங்கள் சர்ச்சில் அன்று பெண்கள் ஞாயிறுக்கான முதல் ஒத்திகை. சனிக்கிழமை சாயங்காலம், மழைக்கு முந்தைய புழுக்கம். பெண்கள் சங்கத்தார் பாட்டுப் புத்தகத்தோடு வரிசையாக நின்றிருந்தார்கள். நான் பியானோவின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாட்டு இரண்டு வரி போவதற்குள் ஒரு சுரத்தின் மேல் இன்னொன்று ஏறி, அதன் மேல் மற்றொன்று ஏறி, ஒரே இரைச்சல். பாடியவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். கடைசிவரை விடாமல் பாடியது காது சரியாகக் கேட்காத ரோஸ்லின் அம்மா மட்டும்தான்.

குனிந்து பார்த்தேன். என் வலது கால் பியானோவின் பெடலை அடிவரை அழுத்திக்கொண்டிருந்தது. அதை நான் அங்கே கொண்டுபோய் வைத்ததாகவே நினைவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பியானோவின் அடியில் வலதுபக்கம் இருக்கும் பெடலை மிதித்தால், கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் சத்தம் நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். தெரிந்தவர்கள் அதை அளவாக மிதித்து, நேரத்தில் விட்டுவிடுவார்கள். மிதித்த காலை எடுக்காமல் வாசித்தால் பாட்டு முழுக்கக் குழம்பாகிவிடும். நான் வாசித்தது அந்தக் குழம்பு.

சங்கத்தின் தலைவி ஞானம் டீச்சர் என் தோளில் கை வைத்தார். ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் கடிந்து பேசமாட்டார். அதனாலேயே அவரிடம் எதிர்த்துப் பேசுவது கஷ்டம்.

“எஸ்தர், உன்னக் கஷ்டப்படுத்திக்காதம்மா. இந்த வருஷமும் சாமுவேல் தம்பியே வாசிக்கட்டும். நீ பக்கத்துல உக்காந்து பக்கம் திருப்பு.”

பக்கம் திருப்பவா? எனக்கு முகம் சூடாகிவிட்டது.

“இல்ல டீச்சர். நான்தான் வாசிப்பேன்.”

“நாள் கம்மியா இருக்கேம்மா.”

“இருக்கட்டும். நான்தான் வாசிப்பேன்.”

இரண்டாவது முறை சொன்னபோது குரல் கொஞ்சம் ஜாஸ்தியாகவே வந்துவிட்டது. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த ஒரு ஸ்டூல்

எங்கள் சர்ச்சில் வருடத்தில் ஒரு ஞாயிறு பெண்களுடையது. அன்று வேதம் வாசிப்பது, பிரசங்கம் செய்வது, காணிக்கைப் பை பிடிப்பது, வாசலில் நின்று வரவேற்பது எல்லாம் பெண்கள். ஆண்கள் பின் பெஞ்சுகளில் உட்கார்ந்து, வெளியே வேகும் பிரியாணிக்கு மூக்கை நீட்டிக்கொண்டிருப்பார்கள். ஆனால் இசைக்கருவியின் முன்னால் மட்டும் ஓர் ஆண் உட்கார்ந்திருப்பார். முன்பு சாமுவேலின் அப்பா. அதற்கு முன்பு அவருடைய சித்தப்பா. இப்போது சாமுவேல்.

யாரோ தடுத்து வைத்தார்கள் என்று சொல்லமாட்டேன். எங்கள் பெண்கள் வாசிக்கவில்லை, அதனால் அவர்கள் வாசித்தார்கள். ஏன் வாசிக்கவில்லை என்று யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான். முன் பெஞ்சில் உட்கார்ந்து அந்த ஸ்டூலையே பார்த்துக்கொண்டு நானும் அத்தனை பெண்கள் ஞாயிறுகளைக் கழித்திருக்கிறேன்.

சாமுவேல் நல்ல பையன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஷூ கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. ஒத்திகை முடிந்ததும் என்னிடம் வந்து, “அக்கா, பியானோ வேணாம். என் கீபோர்ட எடுத்துக்குங்க. பட்டனத் தட்டுனா தாளம், பேஸு எல்லாம் அதுவே போட்டுக்கும். நீங்க சும்மா கைய வச்சிக்குனு இருந்தாப் போதும்” என்றான்.

“சும்மா கைய வச்சிக்குனு இருக்கவா சாமு நான் இவ்ளோ நாளா கத்துக்குனு இருக்கேன்?” என்றேன். பாவம், அவன் உதவி என்று நினைத்துத்தான் சொன்னான்.

எதற்கு என்று கேட்பவர்களுக்கு

போன வாரம் இதே பத்தியில் கம்பெனி பஸ்ஸில் சீட் பிடிக்கும் சண்டையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு தோழி, “அதெல்லாம் இருக்கட்டும், ஐம்பது தாண்டி உனக்கு எதற்குப் பியானோ?” என்று கேட்டாள். இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது.

ஞாபகசக்திக்கு நல்லது என்று டாக்டர் சொன்னாரா? சொல்லவில்லை. மனசு பாரமா? இருக்கிறது, அதற்கும் பியானோவுக்கும் சம்பந்தமில்லை. பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கவா? எனக்குப் பேரப்பிள்ளை இல்லை. ஆண்டவருக்கு ஊழியமா? ஆண்டவர் என்னைக் கேட்கவில்லை.

ஆசை. அவ்வளவுதான். சர்ச்சின் மூலையில் துணி போர்த்தி, மேலே பூச்சாடி வைத்திருந்த அந்தப் பழைய பியானோவைப் போன வருடம் பழுது பார்த்தார்கள். வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். நல்ல கனமான சத்தம், உள்ளங்கை வரை வந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதே முடிவு செய்துவிட்டேன். ஆம்பளைகள் ஐம்பது வயதில் புல்லட் வாங்கினால் யாரும் காரணம் கேட்பதில்லை. எனக்கு மட்டும் எதற்குக் கேள்வி?

பக்கத்தில் யாரும் பெரியவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் காட்பாடியில் ஜாஸ்மின் கிடைத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்னைவிட ரொம்பச் சின்னவள். டியூட்டி இல்லாத நேரத்தில் வீட்டில் பிள்ளைகளுக்குக் கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறாள். ஞாயிறு ஆராதனை முடிந்து ரயிலேறிப் போவேன். அவள் வீட்டு நாற்காலி பிள்ளைகளுக்கானது. என் முழங்கால் மேசையில் இடிக்கும். என்னோடு படித்தவர்களில் ஒருத்திக்கு அப்போதுதான் முன்பல் விழுந்திருந்தது.

“ஆண்ட்டி, நீங்க யாரோட அம்மா?” என்று அவள் கேட்டாள்.

“யாரோட அம்மாவா வரல. உன்கூட படிக்க வந்திருக்கேன்” என்றேன். அவள் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்தாள். பெரியவர்கள் யாரும் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில்லை.

கால் எங்கே பழகியது

மறுநாள் ஞாயிறு. ஜாஸ்மினிடம் போய் ஒத்திகையில் நடந்ததைச் சொன்னேன். அவள் குழம்பிப்போனாள்.

“நான் உங்களுக்குப் பெடலே சொல்லித் தரலையே. என் கீபோர்டுலயும் பெடல் இல்ல, நீங்க வீட்டுல வச்சிருக்கற கீபோர்டுலயும் இல்ல. அப்புறம் எப்டி மிதிச்சீங்க?”

“அதான் எனக்கும் தெரியல.”

“சரி, இங்க வாசிங்க. நான் கீழ உக்காந்து பாக்கறேன்.”

வாசித்தேன். தரையில் உட்கார்ந்திருந்தவள் கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். என் வலது பாதம் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருந்ததாம். கை நகர்ந்தால் பாதம் இறங்குகிறது. கை நின்றால் பாதம் குதிகாலில் சாய்கிறது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது தையல் மெஷின் கால்.

நான் கல்யாணத்துக்கு முன்பே ஷூ கம்பெனியில் தைக்கப் போனவள். ஷூவின் மேல்பாகத் துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் பிரிவு எங்களுடையது. மின்சாரத் தையல் மெஷினில் பாதத்தின் முன்பக்கத்தை அழுத்தினால் ஓடும், குதிகாலைச் சாய்த்தால் நிற்கும். தோலைக் கை தள்ளும்போது கால் அழுத்தியாக வேண்டும். அப்படித்தான் இத்தனை வருடச் சம்பளம். இப்போது சூப்பர்வைசராகி எழுந்து நடமாடுகிறேன், ஆனால் பாதத்துக்குப் பதவி உயர்வு வந்த விஷயம் தெரியாது. கைக்கு வேலை வந்ததும் அது தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இத்தனை மாதம் வீட்டில் தரையைத்தான் மிதித்திருக்கிறேன். சர்ச்சில் முதன்முதலாக அந்த இடத்தில் ஒரு பெடல் இருந்தது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொன்னேன். அவர் பெயர் டேவிட். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“ஆமா, தெனம் மிதிச்சிக்குனுதான் இருப்ப” என்றார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“பாத்துட்டும் ஏன் சொல்லல?”

“நீ தாளம் போடுறேன்னு நெனச்சேன்.”

அரைமணி நேரம்

என் பயிற்சி நேரம் சாயங்காலம். கம்பெனி பஸ் இறக்கிவிட்டதும் முகம் கழுவி, டீ குடித்து, கீபோர்டின் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். அரைமணி நேரம். அதற்கப்புறம்தான் சமையல். இந்த அரைமணியைப் பிடித்து வைக்க நான் போட்ட சண்டை, பியானோ கற்றுக்கொண்டதைவிடப் பெரிது.

என் நாத்தனார் சரியாக அந்த நேரத்துக்குத்தான் போன் செய்வாள். காஸ்காரர் அந்த நேரத்துக்குத்தான் வருவார். டேவிட்டுக்கு அந்த நேரத்தில்தான் சட்டையில் பட்டன் இல்லாதது தெரியவரும். ஒருநாள் சொல்லிவிட்டேன்.

“இந்த அரைமணி நான் வீட்ல இல்லன்னு நெனச்சிக்கங்க. தீப்புடிச்சா மட்டும் கூப்புடுங்க.”

“தீப்புடிச்சா உன்னக் கூப்புட்டுக்குனா இருப்பேன்? நான் ஓடிடுவேன்” என்றார். ஆனால் மறுநாளிலிருந்து பட்டனை அவரே தைத்துக்கொண்டார்.

முதலில் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் வாசித்தேன். வெட்கம். எங்களுக்கும் பக்கத்து வீட்டு ஷாஹீன் பாஜிக்கும் (உருதுவில் பாஜி என்றால் அக்கா) நடுவே ஒரே சுவர். சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

“எஸ்தர், தெனம் சாயந்திரம் இன்னா பண்றே? சுவத்துல டொக்கு டொக்குன்னு கேக்குது. எலி பூந்துடுச்சான்னு எங்க வீட்டுக்காரரு அலமாரியெல்லாம் நகத்திப் பாத்துட்டாரு.”

அது கட்டைகளில் என் விரல் விழும் சத்தம் என்று சொன்னதும், “அட, பாட்டா! அப்ப அந்த ஒயரைக் கழட்டு. டொக்கு டொக்குன்னு கேக்கறதுக்குப் பாட்டாவே கேக்கட்டும்” என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து எங்கள் சந்து முழுக்க என் தப்புகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பள்ளிவாசலில் மகரிப் என்ற சாயங்காலத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது கையை எடுத்துவிடுவேன், முடிந்ததும் தொடருவேன். இதுவரை யாரும் சண்டைக்கு வரவில்லை.

தீப்பெட்டி

இப்போது மறுபடி காலுக்கு வருகிறேன். ஜாஸ்மின் காலைப் பின்னால் மடக்கி வைக்கச் சொன்னாள். மடக்கினால் உடம்பு முன்னால் சாய்கிறது. டேவிட் காலை ஸ்டூலோடு கட்டிவிடலாம் என்றார். அவர் கண்ணில் இருந்த உற்சாகத்தைப் பார்த்து வேண்டாம் என்றுவிட்டேன்.

கம்பெனிக்கு ஒன்றும் தெரியாமல் வரும் பெண்களுக்கு நான் தையல் பழக்கியிருக்கிறேன். அவர்களுக்குக் கால் அழுத்தம் பழக்குவதுதான் முதல் பாடம். அதையே தலைகீழாகச் செய்தால் என்ன? ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்து வலது பாதத்தின் கீழே வைத்தேன். பாதம் அதன் மேல் சும்மா இருக்க வேண்டும். நசுங்கினால் கால் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

முதல் நாள் முதல் வரியிலேயே நசுங்கியது. இன்னொன்று வைத்தேன். அதுவும் போனது. காலிப் பெட்டி தீர்ந்துபோய், டேவிட் தெருமுனை டீக்கடையில் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். “எங்க வீட்டம்மா பியானோ கத்துக்குது, தீப்பெட்டி வேணும்” என்று அங்கே சொல்லியிருக்கிறார். டீக்கடைக்காரர் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாராம்.

கொஞ்ச நாள் போனதும் ஒன்று கவனித்தேன். சுலபமான வரிகளில் பெட்டி தப்பித்துவிடுகிறது. மூன்றாவது வரியில், இடது கை தாண்டிப் போக வேண்டிய ஓர் இடத்தில், ஒவ்வொரு முறையும் நசுங்குகிறது. அந்த இடம் எனக்குச் சரியாக வராது. வராது என்ற பயம் காலுக்குப் போய்விடுகிறது.

நானோ தினமும் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆரம்பம் பளிச்சென்று இருக்கும், மூன்றாவது வரியில் முட்டும், திட்டிக்கொண்டே மறுபடி முதலுக்குப் போவேன். கம்பெனியில் ஒரு புதுப் பெண் இப்படிச் செய்தால் விடுவேனா? எடுத்ததும் முழு ஷூவைக் கையில் கொடுக்கமாட்டோம். முதலில் காகிதத்தில் கோடு போட்டு, ஊசியில் நூலே இல்லாமல் ஓட்டச் சொல்வோம். பிறகு கழிவுத் தோலில் நேர்க்கோடு. பிறகு வளைவு மட்டும், வளைவு மட்டும், அந்த வளைவு மட்டும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, எனக்கென்று வந்தபோது இது ஞாபகம் வரவில்லை பாருங்கள்.

அந்த மூன்றாவது வரியைத் தனியாகப் பிய்த்து எடுத்தேன். கீபோர்டை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் விரலை மட்டும் நகர்த்தினேன். அதுதான் நூலில்லாத ஊசி. பிறகு இடது கை தனியாக. பிறகு இரண்டு கையும், மாட்டுவண்டி வேகத்தில். தப்பாக வந்தால் அப்படியே ஓட்டக்கூடாது, நிறுத்தி இன்னும் மெதுவாகப் போக வேண்டும். “தப்பையே திருப்பித் திருப்பி வாசிச்சா தப்புதான் பழகும்” என்று ஜாஸ்மின் பிள்ளைகளுக்குச் சொல்வதை நானும்தான் கேட்டிருந்தேன். காதோடு நின்றிருந்தது.

இன்னொன்றும் செய்தேன். எந்த வரியிலிருந்து சொன்னாலும் ஆரம்பிக்கப் பழகினேன். டேவிட் டிவி பார்த்துக்கொண்டே திடீரென்று, “நாலாவது!” என்பார். நான் நாலாவது வரியில் தொடங்க வேண்டும். விளம்பர இடைவேளைகளில் எங்கள் வீட்டில் இதுதான் விளையாட்டு.

ஒரு சாயங்காலம் மூன்றாவது வரி முடிந்து நாலாவதும் முடிந்தது. குனிந்து தீப்பெட்டியை எடுத்தேன். முழுசாக இருந்தது. அதைக் கொண்டுபோய் டேவிட் மடியில் போட்டேன். அவர் டிவியை நிறுத்திவிட்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை

கடைசி ஒத்திகையில் ஞானம் டீச்சர் முழுப்பாட்டையும் கண்ணை மூடிக் கேட்டார். “சரிம்மா, வாசி” என்றார். “ஆனா எதுக்கும் இருக்கட்டும்னு, சாமுவேல் கீபோர்ட போட்டுப் பக்கத்துலயே நிக்கட்டும்” என்றும் சொன்னார்.

“நிக்கட்டும் டீச்சர். கை வைக்கக் கூடாது” என்றேன்.

அன்று நீலப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். சர்ச் நிறைந்திருந்தது. வெளியே பிரியாணி தம்மில் இருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

முதல் சரணம் சுத்தமாகப் போனது. இரண்டாவதும். மூன்றாவது சரணத்தில், பழகிப் பழகித் தேய்ந்த அந்த மூன்றாவது வரியில் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லையே என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன், அதில் நாலாவது வரியின் தொடக்கத்தைத் தவறவிட்டேன். வலது கை அந்தரத்தில் நின்றது. ஓரக்கண்ணில் சாமுவேலின் கை கீபோர்டை நோக்கி எழுவது தெரிந்தது.

அவனை ஒரு பார்வை பார்த்தேன். கம்பெனியில் என் லைனில் தூங்குபவர்கள் அந்தப் பார்வையை அறிவார்கள். அவன் கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பெண்கள் பாட்டை நிறுத்தவில்லை. அவர்கள் அந்த வரியைத் தாங்களே பாடிக் கடந்தார்கள். அடுத்த வரியின் முதல் சொல்லில் நான் இரண்டு கையோடும் ஏறிக்கொண்டேன். கடைசிவரை இறங்கவில்லை. கால் தன் இடத்தில் அசையாமல் இருந்தது.

ஆராதனை முடிவில் நன்றி சொல்ல ஞானம் டீச்சர் மைக் முன்னால் வந்தார். வேதம் வாசித்தவர்கள், பிரசங்கம் செய்தவர், காணிக்கை எடுத்தவர்கள், சமையல் பொறுப்பில் இருந்தவர்கள் என்று ஒவ்வொருவர் பேராகச் சொன்னார். பிறகு வருடா வருடம் சொல்லிப் பழகிய வாய் தானாகவே சொல்லிற்று:

“இன்னிக்கு இசைப் பணியைச் சிறப்பா செஞ்ச சகோதரர் சாமுவேல் அவர்களுக்கும் நம்ம சங்கத்தோட நன்றி.”

சாமுவேல் வாயைத் திறந்து மூடினான். முன்வரிசைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். டீச்சர் அடுத்த பேருக்குப் போவதற்காக மூச்சை இழுத்தார்.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றேன்.

“டீச்சர், வாசிச்சது நான்.”

எனக்கு மைக் இல்லை. மெஷின்கள் ஓடும் ஹாலில் பேசிப் பழகிய தொண்டை, கடைசி பெஞ்சு வரை கேட்டது. ஆண்கள் பக்கம் தலைகள் திரும்பின. டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு மைக்கைத் தன் பக்கம் இழுத்து, நிதானமாக, “மன்னிச்சிக்கோம்மா. பியானோ வாசிச்சது எஸ்தர்” என்றார். ரோஸ்லின் அம்மாதான் முதலில் கை தட்டினார்.

இலை போட்டபோது என் நாத்தனார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதைக் கடித்தாள். “ஏன் அண்ணி, எல்லார் முன்னாடியும் நீங்களே எழுந்து சொல்லணுமா? நாங்க யாராவது சொல்லியிருப்போம்ல?”

“சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லல. அதான் நான் சொன்னேன்” என்றேன்.